ஆர்எக்ஸ் 100 வாங்குங்க, இன்வெஸ்ட்மென்ட்னு மட்டும் சொல்லாதீங்க



கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்திலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போன பசங்க பலர் என்கிட்ட ரிட்டர்ன் ஃபைல் பண்றாங்க. முதல் வருஷம் போன் ஈஎம்ஐ. ரெண்டாவது வருஷம் பாங்க் ஸ்டேட்மென்ட்ல பெர்சனல் லோன் ஒண்ணு எட்டிப் பார்க்கும். எதுக்குன்னு கேட்டா சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க: "ஆர்எக்ஸ் 100 ஒண்ணு எடுத்திருக்கேன் சார். ரீஸ்டோர் பண்ணி வச்சா நாளைக்கு டபுள் ரேட். ஒரு வகையில இன்வெஸ்ட்மென்ட் சார்."

அந்தக் கடைசி வரியைப் பத்திதான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். "பைக் ஒரு லயபிலிட்டி, அந்தப் பணத்தை எஸ்ஐபில போடு"ன்னு பாடம் எடுக்க நான் வரல. சம்பாதிக்கிறவனுக்கு ஒரு ஆசை இருக்கலாம். ஆர்எக்ஸ் 100 மேல ஆசை வர்றதுல ஆச்சரியமும் இல்ல. 1985 நவம்பர்ல எஸ்கார்ட்ஸ் கூட்டணியில யமஹா இங்க இறக்கின 98 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி அது. ஆரம்பத்துல வந்த வண்டிகளுக்கு ஜப்பான்ல இருந்தே பாகங்கள் வந்தன. எடை குறைவு, இழுவை அதிகம், ரேஸ் ஓட்டுறவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச வண்டி. புகை விதிகள் இறுகினதும் 1996ல உற்பத்தி நின்னுடுச்சு. இனிமே புதுசா வராது. இருக்கிறது குறையும், கேட்கிறவன் கூடுவான், விலை ஏறும். இந்த லாஜிக் தப்பில்ல. அதுல பாதிச் செலவு காணோம், அவ்வளவுதான்.

ஒரு கணக்கு போடுவோம். உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் ரேட் வேற இருக்கலாம். வண்டி 60,000. போர் போட்டு பிஸ்டன், ரிங் மாத்தறது, கிராங்க் வேலை, கிளட்ச் பிளேட், கார்புரேட்டர், டிங்கரிங், பெயின்ட், குரோம் பிளேட்டிங், ஸ்போக், டயர், வயரிங் எல்லாம் சேர்த்து 90,000. மொத்தம் 1,50,000. இதை 14 சதவீத பெர்சனல் லோன்ல 3 வருஷத்துக்கு எடுக்கறீங்க. ஈஎம்ஐ சுமார் 5,127. வட்டி மட்டும் சுமார் 34,500.

மூணு வருஷம் கழிச்சு 1,80,000க்கு வித்துட்டீங்க. கூட்டாளிகிட்ட "முப்பதாயிரம் லாபம் மச்சான்"னு சொல்லுவீங்க. அசல் 1,50,000, வட்டி 34,500, தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் வருஷத்துக்கு 714 ரூபாயும் ஜிஎஸ்டியும்னு மூணு வருஷத்துக்கு சுமார் 2,500, ஆர்சி புதுப்பிக்க 2,000. மொத்தம் 1,89,000. கையைக் கடிச்சது 9,000. பசுமை வரி, பெட்ரோல், 2டி ஆயில், நடுவுல பட்டறைக்குப் போன வாரங்கள் எதையும் நான் சேர்க்கல.

அதே வண்டியை லோன் இல்லாம, சேர்த்து வச்ச காசுல பண்ணியிருந்தா சுமார் 25,000 மிச்சம். அப்போ வண்டி மோசமான முதலீடா ஆனது லோனாலதான். மாசம் 5,000 ஆர்டி போட்டா 24 மாசத்துல 6.5 சதவீத வட்டிக்கு சுமார் 1,28,000 கையில நிக்கும். அந்த ரெண்டு வருஷத்துல நல்ல வண்டியையும் நல்ல மெக்கானிக்கையும் தேடிக்கலாம். இந்த மாதிரி வேலையில மெக்கானிக் தேடறதுதான் ரொம்ப நேரம் எடுக்கும். காசு ரெடியா இருக்கேன்னு அவசரப்பட்டவன் வண்டி வருஷக்கணக்குல ஷெட்ல பிரிச்சுப் போட்டே கிடக்கும். ஈஎம்ஐ மட்டும் 5ஆம் தேதி ஆனா தவறாம போகும்.

சரி, பேப்பர் பக்கம் வருவோம். என் தொழில் அதுதான்.

கடைசி பேட்ச் ஆர்எக்ஸ் 100க்கே கிட்டத்தட்ட 30 வயசு. தனியார் வண்டிப் பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும். அப்புறம் வண்டியைக் காட்டி 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 20 வருஷம் தாண்டின பைக்குக்கு இந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு 2,000 ரூபாய் ஆக்கிடுச்சு. இது சின்னத் தொகை. பெரிய பிரச்சனை, நம்ம பக்கத்துப் பழைய வண்டிகளோட ஆர்சி புக்குல இருக்கு. 1993 வரைக்கும் நாம தென்னாற்காடு மாவட்டம். அப்புறம் விழுப்புரம். 2019 நவம்பர்ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சு. வண்டி கடலூர்ல பதிவாகி, விழுப்புரம் போய், யார் யார் கையிலோ மாறி உங்ககிட்ட வந்திருக்கும். கம்ப்யூட்டர்ல ஏறாம, கையெழுத்துல மட்டும் இருக்கிற ஆர்சியும் உண்டு. அதை முதல்ல வாகன் தளத்துல ஏத்தணும். அதுக்கே சில நடை. அதனால அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி நம்பரைப் போட்டு ஆன்லைன்ல தெரியுதான்னு பாருங்க. சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்சியோட ஒத்துப் போகுதான்னு பென்சில் ட்ரேசிங் எடுத்துப் பாருங்க. ஒத்துப் போகலைன்னா அந்த வண்டி எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் நீங்க வாங்கறது உதிரி பாகம்தான்.

பதிவு செத்துப் போன வண்டியை "அப்புறம் பார்த்துக்கலாம்"னு ஓட்டாதீங்க. செல்லுபடியாகிற பதிவு இல்லாத வண்டிக்கு சேத இழப்பீடு கிடையாதுன்னு 2014லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு.

இன்சூரன்ஸ்ல இன்னொரு விஷயம். 5 வருஷம் தாண்டின வண்டிக்கு ஐடிவி எவ்வளவுன்னு கம்பெனியும் நீங்களும் பேசித்தான் முடிவு பண்ணணும். 30 வருஷ வண்டிக்குப் பெரும்பாலும் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் போட்டுத் தருவாங்க. ஒன்றரை லட்சம் போட்டுப் பண்ணின வண்டி பஸ் ஸ்டாண்ட் வாசல்ல திருடு போனா, தேர்ட் பார்ட்டி பாலிசி உங்களுக்கு ஒரு ரூபாய் தராது. பில் எல்லாத்தையும் பத்திரமா வச்சு, சொந்த சேதமும் திருட்டும் சேர்ந்த பாலிசி எந்தக் கம்பெனி தருதுன்னு கேட்டுப் பாருங்க. கிடைக்கலைன்னா, அந்த ஒன்றரை லட்சமும் போனாலும் உங்க குடும்பச் செலவு நிக்காதுன்னு இருந்தா மட்டும் இறங்குங்க.

இப்போ "அப்கிரேட்". எனக்குக் கோபம் வர்ற இடம் இது.

ரீஸ்டோர்னா கம்பெனி கொடுத்த மாதிரி திரும்பக் கொண்டு வர்றது. அதுல சட்டச் சிக்கல் இல்ல. ஆனா பாதி வேலை முடிஞ்சதும் மெக்கானிக் சொல்லுவார்: "தம்பி, ஆர்எக்ஸ் 135 பிளாக் போட்டுடலாம், போர்ட்டிங் பண்ணிடலாம், சேம்பர் சைலன்சர் மாட்டிடலாம், பிச்சுக்கும்." ஆர்சியில 98 சிசின்னு இருக்கும், கீழ ஓடறது 132 சிசி. கம்பெனி விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி பண்ணுச்சு. மீறினா 182ஏ பிரிவுல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல 6 மாசம் வரை சிறை, ரெண்டும்கூட சேரலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும்ங்கிற வார்த்தையைக் கவனிங்க. பிளாக் ஒண்ணு, சைலன்சர் ஒண்ணுன்னு எண்ணிக்கிட்டே போகலாம்.

அபராதம்கூடப் போகட்டும். அப்கிரேட் பண்ணின வண்டி விற்பனைக்கு வரும்போது என்ன ஆகும்? நல்ல விலை கொடுக்கிறவன் ஒரிஜினல் தேடறவன். ஒரிஜினல் பிளாக், ஒரிஜினல் சைலன்சர், ஒரிஜினல் டேங்க்னு தடவித் தடவிப் பார்ப்பான். 20,000 செலவு பண்ணி வண்டி மதிப்பைக் குறைச்சுக்கிற ஒரே செலவு இதுதான். "நாளைக்கு விண்டேஜ் ஆயிடும் சார்"னு சிலர் சொல்றாங்க. 2021ல வந்த விண்டேஜ் விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆகணும். முதல் ஆர்எக்ஸ் 100க்கே அது 2035லதான். சேசிஸையும் இன்ஜினையும் பெரிசா மாத்தியிருந்தா அப்பவும் கிடையாது. கிடைச்சாலும் தினமும் வேலைக்கு ஓட்ட முடியாது.

வெளிநாட்டுல பழைய ஃபைபர்கிளாஸ் ரேஸ் படகுகளை வாங்கி இதே வேலை பண்றாங்க. (நமக்குப் படகுன்னா கரியாலூர் படகுத் துறைதான். விழுப்புரத்திலிருந்து பிரிஞ்சப்போ கடற்கரை அவங்க பக்கமே நின்னுடுச்சு.) அந்தப் படகுகள்ல இன்ஜின் தொங்கற பின்பலகைக்கு ஃபைபர் உறைக்குள்ள ஒட்டுப்பலகை இருக்கும். வருஷக்கணக்கா தண்ணி இறங்கி அது உள்ளுக்குள்ளயே உளுத்துப் போயிருக்கும். வெளியே பார்த்தா தெரியாது. புதுசா பெயின்ட் அடிச்சு, பழசைவிடப் பெரிய இன்ஜின் மாட்டினா, பின்பலகை தாங்காது. அங்க விவரம் தெரிஞ்சவங்க முதல்ல பலகையைத்தான் தட்டிப் பார்ப்பாங்க, இன்ஜின் பேச்சு அப்புறம்தான்.

ஆர்எக்ஸ் 100ல அந்தப் பின்பலகை, பிரேக். முன்னாலயும் பின்னாலயும் டிரம் பிரேக், 98 சிசிக்குன்னு போட்டது. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலை ஏறும்போது பெரிய பிளாக் சுகமாத்தான் இருக்கும். இறங்கும்போதுதான் கணக்கு தீரும். டூ ஸ்ட்ரோக்ல இன்ஜின் பிரேக்கிங் குறைவு, அதனால பாரம் எல்லாம் டிரம் மேல. வளைவுக்கு வளைவு பிடிச்சா சூடேறி பிடிமானம் விட்டுப் போகும். ஆயில் பம்ப்பை அடைச்சுட்டு பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஓட்டறவங்களுக்கு இன்னொரு ஆபத்து. ஆக்சிலரேட்டரை மூடிட்டு நீளமா இறங்கினா பெட்ரோல் போறதும் குறையும், அதோட ஆயிலும் குறையும். பிஸ்டன் பிடிச்சுக்கிட்டு பின் சக்கரம் சட்டுனு நின்னா, முன்னால பாறை, பக்கத்துல பள்ளம். பட்ஜெட்ல 10,000 மிஞ்சினா பிரேக் ஷூ, டிரம், பேரிங், டயர், ஹெல்மெட். பவருக்கு அப்புறம் வாங்க.

டாக்ஸ் பத்தி ரெண்டு வரி. சொந்தமா ஓட்டின பைக்கை லாபத்துக்கு வித்தா, அது உங்க சொந்தப் பயன்பாட்டுப் பொருள், அதனால கேபிட்டல் கெயின்ஸ் வராது. நஷ்டம் வந்தாலும் எங்கயும் கழிச்சுக்க முடியாது. ஆனா வருஷத்துக்கு நாலு வண்டி எடுத்து, பண்ணி, வித்துட்டு "எல்லாம் என் சொந்த வண்டி"ன்னு சொன்னா எடுபடாது, அது வியாபார வருமானம். அப்போ சம்பளக்காரங்களோட ஐடிஆர் 1 உங்களுக்குப் பொருந்தாது. ஜிபேல வர்ற தொகை எல்லாம் ஏஐஎஸ்ல தெரியாதுன்னு நம்பி இருக்காதீங்க, பாங்க் ஸ்டேட்மென்ட் இருக்கு.

இதையெல்லாம் படிச்சுட்டு வண்டி வேண்டாம்னு முடிவு பண்ணினவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. உங்க அப்பாவோ சித்தப்பாவோ முன்னாடி ஒரு ஆர்எக்ஸ் வச்சிருந்து, 29, 30 ஃபாரத்துல கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்து வித்தாங்களா? வாங்கினவர் பேர் மாத்தினாரா? ஆர்சில இன்னும் அப்பா பேரே இருந்து, இன்சூரன்ஸ் இல்லாத அந்த வண்டி யாரையாவது இடிச்சா, இழப்பீட்டுக்கு ஆர்சில பேர் இருக்கிறவர்தான் பொறுப்புன்னு 2018ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துல வர்ற தொகை லட்சங்கள்ல இருக்கும். இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணி பழைய நம்பரைக் கேளுங்க, பரிவாகன் தளத்துல போட்டுப் பாருங்க. அப்பா பேர்ல இருந்தா, வித்த தேதி, வாங்கினவர் விவரத்தோட ஆர்டிஓவுக்கு எழுத்துல கொடுத்து, நகல்ல முத்திரை வாங்கி வையுங்க.

வண்டி வீட்டுலயே நிக்குது, அப்பா இல்லைன்னா, வாரிசு பேருக்கு மாத்த ஃபாரம் 31. அந்த நடைமுறையை அடுத்த வீடியோவுல ஒவ்வொரு படியா காட்டறேன்.