பிறப்போடு வந்த குடியுரிமைக்கு ஏன் இத்தனை வாசல்கள்?

ஸ்லோவாக் குடியரசின் மாண்புமிகு உள்துறை அமைச்சர் அவர்களுக்கு,

நான் உங்கள் நாட்டுப் பிரஜை அல்ல. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பிரித்தானியக் குடியுரிமை பெற்று லண்டனில் வாழும் தமிழன். என் மனைவி உங்கள் நாட்டின் கோஷிட்சே நகரத்தவர். எங்கள் மகள் லண்டனில் பிறந்தவள். உங்கள் நாட்டின் 1993-ஆம் ஆண்டு 40-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், பெற்றோரில் ஒருவர் ஸ்லோவாக் பிரஜையாக இருந்தால் பிள்ளையும் பிறப்பிலேயே ஸ்லோவாக் பிரஜை என்கிறது. எந்த நாட்டில் பிறந்தது என்று அது கேட்பதில்லை. தங்களுக்கு மடல் எழுதும் உரிமை எனக்கு என் மகள் வழியாக வந்தது.

இந்த மடலை ஸ்லோவாக் மொழியில் என் மனைவி எழுதித் தங்கள் அமைச்சுக்கு அனுப்புகிறார். நான் தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், எங்கள் தமிழ்ச் சமூகத்துப் பிள்ளைகள் இப்போது ஐரோப்பாவின் பல நாட்டவரையும் மணம் முடிக்கிறார்கள் என்பதுதான். கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கும் வீட்டார், பிறக்கப்போகும் பிள்ளையின் பத்திரங்களைப் பற்றி யோசிப்பதில்லை.

முதலில் நன்றி. பிரித்தானியாவில் 1983 ஜனவரி 1 முதல், இந்த மண்ணில் பிறந்த ஒரே காரணத்துக்காகப் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைப்பதில்லை. பெற்றோரில் ஒருவராவது பிரித்தானியப் பிரஜையாகவோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். 2004 மே 1-இல் உங்கள் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு ஸ்லோவாக் இளைஞர்கள் பலர் இங்கே வேலைக்கு வந்தார்கள். நிரந்தர வதிவிடம் கிடைக்குமுன் அவர்களில் ஒரு தம்பதிக்குப் பிள்ளை பிறந்தால், அந்தப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே குடியுரிமை உங்களுடையது. உங்கள் சட்டம் அதைக் கைவிடவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தை நம்பி வாசலுக்கு வரும் தாய் தகப்பனை உங்கள் நடைமுறை அலைக்கழிக்கிறது.

வெளிநாட்டில் உங்கள் பிரஜைகளுக்கு நிகழும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவதற்கென்று உங்கள் அமைச்சின் கீழ் பிராத்திஸ்லாவாவில் ஒரு சிறப்புப் பதிவகம் இருக்கிறது. அங்கே போகும் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் விவரம் உள்ள முழுப் பிரதியாக இருக்க வேண்டும். பிரித்தானியக் குறும்பிரதியில் அந்த விவரம் இல்லாததால் அது உதவாது. முழுப் பிரதிக்கு, பத்திரம் உண்மையானது என்று வேற்று நாட்டுக்கு உறுதிசொல்லும் அப்போஸ்டில் முத்திரை இங்குள்ள வெளியுறவு அமைச்சிடமிருந்து வேண்டும். பிறகு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஸ்லோவாக் மொழிபெயர்ப்பு. திருமணமும் வெளிநாட்டில் நடந்திருந்தால் அந்தப் பத்திரத்துக்கும் இதே சுற்று. எல்லாவற்றையும் தூதரகத்தில் ஒப்படைத்துவிட்டுக் காத்திருந்தால், மாதங்கள் கழிந்து ஸ்லோவாக் பிறப்புச் சான்றிதழும் அதோடு பிள்ளையின் பிறப்பு எண்ணும் வரும். அந்த எண் இல்லாமல் உங்கள் நாட்டில் மருத்துவக் காப்புறுதி முதல் பள்ளிக்கூடம் வரை எதுவும் நகராது.

அடுத்தது குடியுரிமைச் சான்று. அதை வழங்குவது பதிவகம் அல்ல. பிரதேசத் தலைநகரிலுள்ள மாவட்ட அலுவலகம். இரண்டுக்கும் ஒன்றாக விண்ணப்பம் கொடுத்தாலும் கோப்பு வேறு, மேசை வேறு. இவை இரண்டும் கைக்கு வந்த பிறகுதான் கடவுச்சீட்டு விண்ணப்பம். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அந்தக் கடவுச்சீட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்பார்கள் எங்களூரில். சட்டம் பிறந்த அன்றே கொடுத்துவிட்டது. மூன்று பூசாரிகள் அடுத்தடுத்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: பெற்றோரில் ஒருவர் ஸ்லோவாக் பிரஜையா? பதிவகம் பிறப்பைப் பதியும்போதே அதைச் சரிபார்த்துவிடுகிறது. அப்படியிருக்க, அதே விடையை இன்னோர் அலுவலகம் தனியாகத் தாளில் எழுதித் தருவது எதற்கு? 2018 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த உங்கள் அதிகாரத்துவ எதிர்ப்புச் சட்டம், அரசிடம் ஏற்கெனவே உள்ள தகவலை மக்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்ற கொள்கையில் எழுந்தது. 'ஒரு தடவை போதும்' என்பது அப்போது உங்கள் அரசே சொன்ன வாசகம். அது எல்லைக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் பொருந்த வேண்டும்.

ஐரோப்பிய நீதிமன்றமும் இந்தத் திசையில்தான் போகிறது. 2021 டிசெம்பர் 14-இல் பன்சரேவோ வழக்கில் தீர்ப்பு வந்தது. ஸ்பெயினில் பிறந்த ஒரு குழந்தைக்கு, தாய்மார் இருவரின் பெயருடன் பிறப்புச் சான்றிதழ் கொடுக்க பல்கேரியாவின் சோபியா நகர நிர்வாகம் மறுத்திருந்தது. அந்தக் குழந்தை பல்கேரியப் பிரஜையானால், பல்கேரியப் பிறப்புச் சான்றிதழ் முதலில் வேண்டும் என்று சொல்லாமலே அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ வழங்க வேண்டும் என்றது நீதிமன்றம். அங்கே பிறப்பு நிகழ்ந்தது ஒன்றியத்துக்குள். பிரித்தானியா இன்று வெளியே என்று தங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். ஒன்றிய நாடுகளுக்கிடையே 2019 பெப்ரவரி 16 முதல் இத்தகைய பத்திரங்களுக்கு அப்போஸ்டில் தேவையில்லை என்பதும், அந்தச் சலுகை லண்டன் சான்றிதழுக்கு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் என் மகள் ஒன்றியத்தின் பிரஜை. பிரித்தானியா வெளியேறியதால் அவள் வெளியேறிவிடவில்லை. பிரித்தானியக் கடவுச்சீட்டை மட்டும் காட்டி அம்மம்மா வீட்டுக்குப் போனால், 180 நாளில் 90 நாள் தங்க அனுமதிக்கப்பட்ட வெளியாளாகத்தான் எல்லையில் அவளைப் பார்ப்பார்கள். இரண்டாவது குடியுரிமையே இல்லாத ஸ்லோவாக் பிள்ளைக்கோ, காட்டுவதற்கு ஒரு கடவுச்சீட்டும் கிடையாது.

பெயர் விஷயத்திலும் குழப்பம் உண்டு. எங்களில் வழிவழியாக வரும் குடும்பப்பெயர் வழக்கமில்லை. தகப்பனின் பெயர் பிள்ளையின் பெயரோடு சேரும். உங்கள் நாட்டில் பெண்ணின் குடும்பப்பெயர் பெரும்பாலும் 'ஓவா' என்று முடிகிறது. அந்த விகுதியை விட்டுப் பதியும்படி பெற்றோர் கேட்பதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அதைப் படிவம் நிரப்பும் நேரத்தில் தெளிவாக எடுத்துச் சொல்வாரில்லை. ஒரே பிள்ளை இரண்டு கடவுச்சீட்டில் இரண்டு பெயரோடு நின்றால், விமான நிலையத்திலும் வங்கியிலும் ஆயுள் முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஒரு பயமும் உங்கள் மக்களிடையே இருக்கிறது. 2010-இல் ஹங்கேரி தன் எல்லைக்கு வெளியே வாழும் ஹங்கேரியருக்குக் குடியுரிமையை எளிதாக்கியதும், அதற்குப் பதிலடியாக உங்கள் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெறும் ஸ்லோவாக் பிரஜை தன்னுடையதை இழப்பார் என்றானது. 2022 ஏப்ரல் 1-இல், அந்த வேற்று நாட்டில் ஐந்து ஆண்டுகளாவது வசித்தவருக்கு அந்த இழப்பு நேராதபடி மாற்றினீர்கள். பிறப்பிலேயே இரண்டு குடியுரிமையும் வந்த பிள்ளைக்கு அந்தச் சட்டத்தால் என்றுமே ஆபத்திருக்கவில்லை. ஆனாலும் பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுத்தால் ஸ்லோவாக் உரிமை போய்விடுமோ என்று கலங்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். அச்சம் சட்டத்தைவிட நீண்டகாலம் உயிர் வாழ்கிறது. அதைப் போக்க வேண்டியது அரசின் வேலை.

போலிப் பத்திரங்களைத் தடுக்க வேண்டும், பெற்றோரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையைக் கொண்டுபோவதைத் தடுக்க வேண்டும் என்று தாங்கள் சொல்லலாம். நியாயமே. பத்திரத்தைச் சோதியுங்கள், இருவரின் கையெழுத்தையும் கேளுங்கள். ஒரு தடவை தீரச் சோதித்ததை மற்ற அலுவலகங்கள் நம்பட்டும். அதே தாளை மூன்று இடத்தில் பார்ப்பதால் போலி கூடுதலாக அகப்படும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே தங்களிடம் கேட்பவை:

1. பிறப்புப் பதிவு, குடியுரிமைச் சான்று, முதற் கடவுச்சீட்டு மூன்றுக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே கோப்பு.

2. பதிவகம் முடிவு சொல்ல வேண்டிய கெடு நாள், விண்ணப்பத்தோடேயே எழுத்தில். கோப்பு எங்கே நிற்கிறது என்பதை இணையத்தில் பார்க்க வசதி.

3. வேறு குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு, பதிவு முடியும்வரை செல்லக்கூடிய தற்காலிகப் பயண ஆவணம், கேட்டவுடன்.

4. பெயர், 'ஓவா' விகுதி, இரட்டைக் குடியுரிமை பற்றிய எளிய விளக்கம் படிவத்தின் முதற் பக்கத்திலேயே, ஸ்லோவாக்கிலும் அந்தந்த நாட்டு மொழியிலும்.

தூதரகங்கள் வெளியுறவு அமைச்சின் கீழ் வருகின்றன என்பதை அறிவேன். ஆனால் பதிவகமும் அதன் படிவங்களும் மாவட்ட அலுவலகங்களும் தங்களுடையவை. முதற் கோரிக்கைக்குச் சட்டத்தில் ஒரு சிறு திருத்தம் வேண்டியிருக்கலாம். மற்றவற்றில் பெரும்பகுதி தங்கள் சுற்றறிக்கை ஒன்றினாலேயே நடக்கக்கூடியது.

குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7-ஆம் உறுப்புரை, பிள்ளை பிறந்த உடனே பதியப்பட வேண்டும், பெயரும் குடியுரிமையும் பெற வேண்டும் என்கிறது. ஸ்லோவாக்கியா அதற்குக் கட்டுப்பட்ட நாடு. 'உடனே' என்பதை மாதக்கணக்கில் அளக்கும் நடைமுறையைத் தாங்கள் பதவியிலிருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாட்டுப் பிரஜை ஒருத்தியின் தகப்பன்,
லண்டன்