72 நொடியில் இலக்கியத் தகுதியா?

ஆங்கில இலக்கியம் படிக்க யாருக்குத் தகுதி? பல்கலைக்கழக மானியக் குழு புதிதாக ஒரு பதில் சொல்லியிருக்கிறது. 2024 டிசம்பரில் வரைவாக வந்து, 2025இல் விதிமுறையாகிவிட்ட பதில் அது. பிளஸ் 2வில் எந்தப் பிரிவு படித்தவரும் கல்லூரியில் எந்தப் பாடத்தையும் மேஜராக எடுக்கலாம். ஆனால் தேசிய அளவிலோ பல்கலைக்கழக அளவிலோ ஒரு நுழைவுத் தேர்வில் தேறியிருக்க வேண்டும்.

பெரிய கதவு திறந்துவிட்டதாக இதைக் கொண்டாடுகிறவர்கள், கலந்தாய்வு நாளில் திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரி வாசலில் வந்து நிற்கட்டும். செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்த பிள்ளைகள், மாற்றுச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் வைத்த பிளாஸ்டிக் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள். வணிகவியல் படித்தவர், உயிரியல் படித்தவர், தொழிற்பிரிவு படித்தவர் எல்லோரும் பி.ஏ. ஆங்கிலத்துக்கு வரலாம். பிளஸ் 2 தேறியிருந்தால் போதும். இங்கே எப்போதோ திறந்துவிட்ட கதவுக்குத்தான் தில்லி இப்போது பூட்டு வாங்கி வருகிறது. தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை 2006இல் சட்டம் போட்டு ஒழித்த மாநிலம் இது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வு வேண்டாம் என்று 2022 ஏப்ரலில் சட்டமன்றத்தில் தீர்மானமும் போட்டோம்.

அந்த க்யூட் தேர்வின் ஆங்கிலத் தாளைப் பாருங்கள். 2025 முறைப்படி 50 கேள்விகள், 60 நிமிடங்கள். வகுத்துப் பார்த்தால் கேள்விக்கு 72 நொடி. சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறினால் 1 கழிவு. நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும். பத்தியைப் படித்து விடை தேடுவது, எதிர்ச்சொல் கண்டுபிடிப்பது, கலைந்த வாக்கியத்தை அடுக்குவது, எல்லாம் இந்த 72 நொடிக்குள். குறுந்தொகைப் பாட்டு பெரும்பாலும் நாலு முதல் எட்டு அடிதான். அதை 72 நொடியில் வாசித்துவிடலாம். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், சொல்லாமல் விட்டது என்ன என்று பிடிபட ஒரு நாள் வேண்டும். ஒரு வரியில் தங்கி நிற்கத் தெரிவதுதான் இலக்கிய மாணவருக்கு முதல் தகுதி. தங்கி நின்றால் மதிப்பெண் போய்விடும் என்று மிரட்டும் தேர்வை வைத்து அந்தத் தகுதியை எப்படி அளப்பது? அடுத்தடுத்த கேள்விக்குத் தாவுகிற பிள்ளை உள்ளே வரும். ஒரு சொல்லில் மனம் சிக்கி உட்கார்ந்துவிட்ட பிள்ளை வெளியே போகும். நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது பிள்ளை.

ஆனால் நம் முறையும் யோக்கியமானதாக இல்லை. அரசுக் கல்லூரிகளின் தரவரிசையில் பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண், மற்றவற்றுக்கு நான்கு பாடங்களின் 400. ஆங்கிலத் தாளில் எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 90ஐ எப்படி வாங்குகிறார்கள் என்று வீட்டில் பிளஸ் 2 பிள்ளை உள்ள எல்லோருக்கும் தெரியும். ஒன் வேர்டு, மெமரி போயம், கைடில் உள்ள பாராகிராப். பாடப்புத்தகத்தின் முதுகு மடங்காமலே 85 வாங்கிய பிள்ளைகளை முதலாண்டு வகுப்பில் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், அளவுகோல்தான் கோளாறு.

நான் சொல்வது இதுதான்: ஆங்கில இலக்கியத் தரவரிசையில் தமிழ் மதிப்பெண்ணையும் சேருங்கள். இரண்டும் சேர்ந்து 200. முப்பது ஆண்டு ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தாய்மொழியில் ஒரு கதையின் உள்ளே போய்வரத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தை மூன்று ஆண்டில் கற்றுத் தந்துவிடலாம். ஆங்கிலம் மட்டும் தெரிந்து கதைக்குள் போகத் தெரியாத பிள்ளைக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

ஆங்கிலத்தின் சொந்த வீட்டிலேயே இது ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. ஆக்ஸ்போர்டில் ஆங்கிலத்துக்கென்று தனிப் பட்டப்படிப்பு வந்ததே 1894இல்தான். கேம்பிரிட்ஜில் 1917. சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த ஆண்டுகளைப் பாருங்கள். அப்படித் தாமதமாகத் தொடங்கிய ஆக்ஸ்போர்டு நெடுங்காலம் தன் மாணவர்களுக்குப் பழைய ஆங்கிலத்தைக் கட்டாயமாக வைத்திருந்தது. தன் மொழியின் பழைய அடுக்கில் கால் ஊன்றாதவருக்கு இலக்கியப் பட்டம் கிடையாது என்பதே அதன் பொருள். நம் பிள்ளைக்கு அந்தப் பழைய அடுக்கு சங்கப் பாட்டு. நாமோ ஆங்கில மேஜர் பிள்ளைக்கு அலைடு என்ற துணைப்பாடமாக இங்கிலாந்தின் சமூக வரலாற்றை வைத்து, டியூடர் மன்னர்களை மனப்பாடம் செய்ய விடுகிறோம்.

மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்து, பல ஊர்களில் அதையே கற்பித்தவர் ஏ.கே.ராமானுஜன். உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை அவர் கையில் சிக்கியது 1962இல், சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில். அப்போது அவருக்கு வயது 33. அந்தப் பாட்டுகளில் ஒரு பகுதி, அவர் மொழிபெயர்ப்பில், 1967இல் ஆங்கிலத்தில் உலகத்துக்குக் கிடைத்தது. அலைடில் குறுந்தொகை இருந்தால் நம் பிள்ளைக்கு 18 வயதில் கிடைக்கும்.

எங்கள் திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாமர்செட் மாம் 1938இல் ரமணாசிரமத்துக்கு வந்தார். 1944இல் வெளியான அவருடைய ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’ நாவலில் வரும் குரு, இங்கே அவர் பார்த்த மனிதரிலிருந்து பிறந்தவர். அதற்கு முன்பே, ரமணரைச் சந்தித்து பால் பிரண்டன் எழுதிய புத்தகம் 1934இல் வந்தது. ஆங்கில இலக்கியம் கிரிவலப் பாதைக்கே நடந்து வந்த ஊரில், அதைக் கேள்விப்படாமலே பட்டம் வாங்கிப் போகிறார்கள்.

தமிழைச் சேர்த்தால் ஆங்கிலத் துறையின் தரம் விழும் என்பார்கள். மாணவரின் உச்சரிப்பைக் கேட்டுத் தரம் சொல்லும் கூட்டம் அது, பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. வேற்று மாநிலப் பிள்ளை, பிரெஞ்சு எடுத்த பிள்ளை என்ன செய்யும் என்பார்கள். அவரவர் படித்த மொழித்தாளைக் கணக்கில் எடுங்கள், அவ்வளவுதான். பல்துறைக் கல்வி என்று முழங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மானியக் குழுவின் 2022 கட்டமைப்பில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், அதில் மைனருக்குக் குறைந்தது 24. ஆங்கில மேஜருக்கு அந்த 24ஐத் தமிழிலும் மொழிபெயர்ப்பிலும் வையுங்கள். பத்தே ஆண்டில் தமிழின் நல்ல நாவல்கள் அத்தனையையும் ஆங்கிலத்தில் கொண்டுவரும் தலைமுறை இந்த மாவட்டத்திலிருந்தே எழும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

ஒருமுறை ‘கிங் லியர்’ நடத்திக்கொண்டிருந்தேன். ராஜாவையே கேலி பேசும் கோமாளி வரும் இடம். கைடில் அவனைப் பற்றி நாலு பாயின்ட் இருக்கும், பிள்ளைகள் அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் செய்யாறு பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். “சார், இவன் நம்ம கூத்துல வர்ற கட்டியக்காரன்தானே? ராஜா வேஷம் வந்ததும் கூடவே நின்னு கிண்டல் பண்ணுவான். ஜனங்க மனசுல இருக்கறத எல்லாம் அவன்தான் பேசுவான்.” செய்யாறு பக்கத்துப் புரிசைக் கூத்தர்கள் கார்சியா மார்க்கேஸின் கதையையே கூத்தாக ஆடியவர்கள். அந்த மண்ணில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளை. அன்று கைடை மூடிவைத்துவிட்டு வகுப்பு முழுக்கக் கட்டியக்காரனைப் பற்றியே பேசினோம். நான் நடத்தியதிலேயே நல்ல வகுப்பு அதுதான்.

பிளஸ் 2வில் அவளுக்குத் தமிழில் 94, ஆங்கிலத்தில் 57. முதல் இரண்டு கலந்தாய்வுகளிலும் பெயர் வரவில்லை. யாரோ நர்சிங் கிடைத்துப் போனதால் காலியான இடத்தில் மூன்றாவது சுற்றில் சேர்ந்தவள்.