உங்க பண்டிகைக்கு மட்டும் ஏன் தேதியே நிலையா இல்லை?

இந்த முறை கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். முதல் கோபம் என் மேல்தான்.

எங்கள் டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் பிராக்டிகல் அட்டவணை ஒட்டினார்கள். ரம்ஜானுக்கு ஒரு நாள் லீவு, மறுநாள் காலை ஒன்பதரைக்குப் பிராக்டிகல். பூந்தமல்லியிலிருந்து வரும் நண்பன் எழுந்து, "சார், முதல் நாள் பிறை தெரியலைன்னா பெருநாள் பிராக்டிகல் அன்னைக்குத்தான் வரும்" என்றான். "உங்க பண்டிகைக்கு மட்டும் ஏன்ப்பா தேதியே நிலையா இல்லை?" என்று பதில் வந்தது. வகுப்பே சிரித்தது. நானும்தான்.

சாயங்காலம் ஆவடிக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோ பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டும்போதுதான் உறைத்தது. நம்ம பண்டிகைக்கு மட்டும் நிலையா இருக்கா என்ன?

தீபாவளியையே பாருங்கள். 2023-ல் நவம்பர் 12. 2024-ல் அக்டோபர் 31. 2025-ல் அக்டோபர் 20. வருடத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு நாள் முன்னால் ஓடி வந்திருக்கிறது. காரணம் அதே நிலாதான்! பன்னிரண்டு நிலா மாதம் சேர்ந்தால் 354 நாள், சூரிய வருடத்துக்கு 11 நாள் குறைச்சல். ஐப்பசியோடு கட்டி வைத்திருப்பதால் தீபாவளி ரொம்ப தூரம் ஓட முடியாது, 2026-ல் நவம்பர் 8-க்குத் திரும்பிவிடுகிறது. இஸ்லாத்தில் அப்படி இழுத்துக் கட்டுவதில்லை. அதனால் ரம்ஜான் மாதம் ஏறக்குறைய 33 வருடத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வருகிறது. ஒரே மனிதர் கத்திரி வெயிலிலும் நோன்பு வைப்பார், மார்கழிக் குளிரிலும் வைப்பார். 2030-ல் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று இரண்டு முறை நோன்பு தொடங்கும்.

ஈஸ்டர்? மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எங்கே வேண்டுமானாலும் வரும். 2024-ல் மார்ச் 31, 2025-ல் ஏப்ரல் 20.

"பொங்கல் நிலையாத்தானே இருக்கு?" என்பீர்கள். விவேகானந்தர் பிறந்தது ஒரு மகர சங்கராந்தி அன்று. தேதி 1863 ஜனவரி 12! இப்போது அது ஜனவரி 14 அல்லது 15. சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22 வாக்கில். ஆக, பொங்கலும் நகர்கிறது. மெதுவாக நகர்வதால் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"தீபாவளித் தேதி காலண்டரில் முன்னாடியே இருக்கே, இதுக்கு முந்தின ராத்திரி வரைக்கும் காத்திருக்கணுமே" என்று ஒரு நண்பன் மடக்கினான். நியாயமான கேள்விதான். பிறையைக் கண்ணால் பார்ப்பதா, கணக்குப் போடுவதா என்று அந்தச் சமூகத்துக்குள்ளேயே விவாதம் உண்டு. துருக்கியில் கணக்குதான். தமிழ்நாட்டில் தலைமை காஜியின் அறிவிப்புக்குக் காத்திருக்கிறார்கள். அதை அவர்கள் பேசிக்கொள்ளட்டும். பிராக்டிகல் தேதி போடுகிறவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. நிலா மாதம் 29 நாள், இல்லையென்றால் 30 நாள். மூன்றாவது வழி கிடையாது. இரண்டு நாளையும் காலியாக விட்டால் பிரச்சினையே இல்லை!

இரண்டு நாள் அதிகம் என்கிறீர்களா? ஆயுத பூஜைக்கும் விஜயதசமிக்கும் அடுத்தடுத்து இரண்டு நாள் லீவு. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். "ரெண்டு நாள் எதுக்கு?" என்று நம்மை யாராவது எழுப்பி நிற்க வைத்துக் கேட்டார்களா?

அவனுக்கு இப்போது இருப்பது இரண்டே வழி. பெருநாள் தொழுகையை விட்டுவிட்டு லேபுக்கு ஓடி வரவேண்டும், இல்லாவிட்டால் மார்க்கை விடவேண்டும். நமக்கு யாரும் இப்படி ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்ததில்லை.

பிராக்டிகலை ஒரே ஒரு நாள் தள்ளி வைக்கச் சொல்லி லெட்டர் எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்குச் சிரித்தவர்கள் முதலில் கையெழுத்துப் போடலாம். முதல் கையெழுத்து என்னுடையது.