ஏழு மணிக் கூட்டமும் இரண்டாம் ஷிப்டும்

டாஸ்மாக் காலி பாட்டில் திட்டத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2022ல் நீலகிரியில் தொடங்கி, பிறகு நம் பெரம்பலூருக்கும் வந்த திட்டம். வாங்கும்போது பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அது கைக்கு வந்துவிடும். நல்ல திட்டம். வயலில் இறங்கி உள்ளங்காலைக் கிழித்துக்கொண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஸ்டிக்கர், கணக்கு, ஆள் என்று பாட்டிலுக்கு இத்தனை ஏற்பாடு செய்ய முடிகிற நமக்கு, குடித்தவர் திரும்பி வர ஓர் அறை ஏற்பாடு செய்யத் தோன்றவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

அந்த நேரம் பார்த்து ஆலத்தியூரிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். "ஐயா, எங்க வீட்டுக்காரர் குடியை விட்டு நாலு மாசமாச்சு. விடாம கூட்டத்துக்குப் போகணும்னு டாக்டர் சொல்லிட்டார். விசாரிச்சா, திருச்சியில சாயங்காலம் ஏழு மணிக்குங்கறாங்க. இவருக்கு ரெண்டாம் ஷிப்டு. எப்படிங்கய்யா போறது?"

பாட்டில் திட்டத்தை அதோடு மூடி வைத்தேன்.

ஷிப்டு ஒத்துவந்தாலும், கூட்டம் முடிந்து ராத்திரி ஊர் திரும்ப வேண்டுமே. இரவு பஸ் பற்றிய என் மனக்குறை இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் பகலில் பஸ் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு அரியலூரில் இறங்குகிறவர் கிராமத்துக்குள் போய்ச் சேருவது அவரவர் பாடு. வாரச் சம்பளமோ மாதச் சம்பளமோ சட்டைப் பையில் இருக்க, ஒன்பது மணிக்குப் பஸ் நிலையத்தில் தனியாக நிற்கும் மனிதர் நாலு மாதம் முன்புதான் குடியை விட்டவர் என்று நினைத்துப் பாருங்கள். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணி வரை இருக்கிறது. பஸ் வருவதற்குள் கடை கண்ணில் பட்டுவிடும். போக்குவரத்துத் துறையில் இருப்பவர்கள் தடம் வகுக்கும்போது இந்த மனிதரையும் ஒரு பயணியாக எண்ண வேண்டும் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

டாக்டர் சொன்னது ஏ.ஏ. கூட்டம், அதாவது குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அதைச் சொற்பொழிவு என்று பலர் நினைக்கிறார்கள். 1935ல் அமெரிக்காவின் அக்ரான் நகரத்தில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தங்கள் குடியைப் பற்றி ஒருவருக்கொருவர் மனம் விட்டுப் பேசிக்கொண்டதில் பிறந்தது அது. 1957லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. கட்டணம் கிடையாது, குடியை விட வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும். வெளியாட்களையும் அனுமதிக்கும் திறந்த கூட்டம் ஒன்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், பேப்பர் கப்பில் டீ. லாரி ஓட்டும் ஒருவர் எழுந்து, முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மகளின் கொலுசை அடகு வைத்துக் குடித்ததைச் சொன்னார். யாரும் புத்தி சொல்லவில்லை. அடுத்தவர் எழுந்து தன் கதையைச் சொன்னார்.

அப்படி வாய் திறக்க, உட்காரும் இடம் தோதாக இருக்க வேண்டும். சூப்பர்வைசர் உட்கார்ந்திருக்கும் அறையில் தொழிலாளி பேசமாட்டார். பங்காளி இருக்கும் அறையில் அண்ணன் பேசமாட்டார். அதனால் ஒரு கூட்டம் ஒத்துவராவிட்டால் அடுத்ததைத் தேடலாம், தப்பில்லை. இன்னொன்றையும் அந்த அம்மாவிடம் சொன்னேன்: அக்கம்பக்கத்தில் தினமும் குடிப்பவர் யாராவது திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். அவர் முதலில் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு, கூட்டம் அதற்குப் பிறகு. இலவச ஆலோசனைக்கு 14446 என்ற எண் இருக்கிறது.

கிராமத்தில் இதெல்லாம் நடக்காது என்பவர்களுக்கு நான் சொல்லும் ஊர் மஞ்சக்குடி. குடவாசல் பக்கம். சாந்தி ரங்கநாதனின் கணவர் குடியால் இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்தார். கணவர் பெயரில் 1980ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையை அந்த அம்மையார் தொடங்கினார், அதுதான் டி.டி.கே. மருத்துவமனை. சென்னைக்கு வர முடியாத விவசாயக் கூலிகளுக்காக, 1980களின் இறுதியில் மருத்துவர்களும் ஆலோசகர்களும் மஞ்சக்குடிக்கே போய் முகாம் போட்டார்கள். ஊர்க்காரர்கள் இடம் கொடுத்துத் துணை நின்றார்கள். 15 நாள் சிகிச்சை. மனைவிமாருக்கும் தனியாக வகுப்பு. முகாம் கலைந்த பிறகும் விட்டுவிடாமல் தேடி வந்து பார்த்தார்கள். என் கணக்கில் தமிழ்நாட்டில் மதுவுக்கு எதிராக நடந்த காரியங்களில் மேடை போடாமல் நடந்த பெரிய காரியம் இது.

ஆலத்தியூர், ரெட்டிப்பாளையம், அரியலூர் என்று இந்த வட்டாரம் முழுக்கச் சிமென்ட் ஆலைகள். இராப்பகலாக ஷிப்டு. இங்கே சாயங்காலம் ஏழு மணிக் கூட்டம் பாதிப் பேருக்கு உதவாது. பகல் 11 மணிக் கூட்டம் வேண்டும். இரண்டாம் ஷிப்டுக்காரர் முடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். குடிநோயாளிகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே ஒரு குழு என்பது ஏ.ஏ. வழக்கம்.

ஆலத்தியூரிலோ செந்துறையிலோ வாரத்தில் ஒரு நாள் பகலில் பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடமோ, திருமண மண்டபத்துப் பக்கத்து அறையோ உங்கள் பொறுப்பில் இருந்தால், பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள். போன் செய்த அந்த வாசகியிடம் நான் சேர்ப்பிக்கிறேன்.