பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

என்.எம்.ஆர். கருவியில் காந்தப்புலம் நிலைகொள்ளாமல் தவித்தால், ‘மெஷின் கெட்டுவிட்டது’ என்று கைகழுவிவிடுவது வேதியியல் மாணவர்களாகிய நம் வழக்கம். அது பெரும்பாலும் அபாண்டம் என்பது என் கருத்து.

வேதியியல் படிக்காத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மூலக்கூறின் அமைப்பைக் காந்தப்புலத்தில் வைத்து அறியும் கருவி இது. 400 மெகாஹெர்ட்ஸ் கருவியின் புலம் 9.4 டெஸ்லா. அதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மாறினாலே சிகரம் 400 ஹெர்ட்ஸ் தள்ளிப் போகும். நல்ல சிகரத்தின் அகலமோ 1 ஹெர்ட்ஸுக்கும் குறைவு! ஆகவே, கரைப்பானிலுள்ள டியூட்டீரியத்தின் சமிக்ஞையைக் கவனித்து, புலத்தைக் கருவி ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். இதற்கு ‘லாக்’ என்று பெயர். லாக் தத்தளித்தால் ஒற்றைச் சிகரம் அகன்றோ பிளந்தோ தெரியும். பொருளில்தான் கலப்பு என்று எண்ணி, இரண்டு வார வேலையை மறுபடியும் தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் நம் குழாயை எடுத்துவிட்டு, மூடி முத்திரையிட்ட தரக் குழாயைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதில் லாக் கோடு அமைதியாக நின்றால் குற்றவாளி நம் குழாய்தான்: கரையாத துகள், போதாத கரைப்பான். அதிலும் ஆடினால் கடிகாரத்தைப் பாருங்கள். சீரான இடைவெளியில் ஏறி இறங்கினால் குளிர்சாதனத்தைச் சந்தேகிக்கலாம். திடுமெனத் துள்ளினால் பக்கத்தில் மின்தூக்கியோ இரும்புத் தள்ளுவண்டியோ நகர்ந்திருக்கும். கனநீர் கரைப்பானாக இருந்தால் இன்னொரு வேடிக்கை. வெப்பம் 1 பாகை மாறினாலே அதன் சிகரம் சுமார் 0.01 பி.பி.எம். நகரும், லாக் அதையே பிடித்துக்கொண்டிருப்பதால், மற்றச் சிகரங்கள் இடம்பெயர்ந்தது போலத் தோன்றும்.

மேசைமேல் வைக்கும் சிறு கருவிகளின் நிலைக்காந்தம் இன்னும் பொல்லாதது. நியோடிமியம் காந்தம் 1 பாகை சூடேறினால் புலம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு குறையும். 60 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அது 60,000 ஹெர்ட்ஸ். அதனால்தான் அந்தக் காந்தத்தைச் சீரான வெப்பத்தில் வைத்துக் காக்கிறார்கள். அப்படிப்பட்ட கருவி இருக்கும் அறையில் மாலையானதும் குளிர்சாதனத்தை அடைத்துவிடுவது என்ன சிக்கனமோ!

இவற்றைக் கண்டுபிடிக்க முனைவர் பட்டம் தேவையில்லை, ஒரு குறிப்பேடு போதும். நேரம், அறை வெப்பம், லாக் அளவு, அருகில் நடந்தது. இளங்கலை மாணவர்களோ கிளினிக்கில் மருந்து வாங்குவதுபோல் குழாயைக் கொடுத்து, வரைபடத்தை வாங்கிக்கொண்டு போகிறோம். விலையுயர்ந்த கருவியில் மாணவர் கைபடக்கூடாது என்பார்கள். சரி, காந்தத்தில் கைவைக்க வேண்டாம். பார்க்கவும் எழுதவும் என்ன தடை? தமிழ்ப்பள்ளியில் பச்சைப்பயறு முளைப்பதையே நாள்தோறும் குறித்து வைத்தவர்கள் நாம். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் அந்தக் குறிப்பேட்டில் ஒரு வாரம் முறை ஒதுக்குங்கள் என்று துறையில் கேட்போம். அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்.