பேசி முடிப்பதற்கு அது வரப்புத் தகராறா?

போன மாதம் மறைமலைநகரிலிருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் இரண்டு பேர். "பொண்ணு வீட்டுல ஒத்துக்கிட்டாங்க, பேசி முடிச்சாச்சு. அடுத்த வாய்தாவுல பொண்ணு மாத்திச் சொல்லிடும்" என்றார் ஒருவர். "எவ்வளவு?" என்றார் மற்றவர். பரனூர் வருவதற்குள் தொகை, தவணை எல்லாம் பேசிவிட்டார்கள். அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்பது மட்டும் பேச்சில் வரவே இல்லை.

சட்டப்படி இந்தப் பேரத்துக்கு இடமில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை பெறும் முறை 2006 ஜூலையில் இங்கே நடைமுறைக்கு வந்தபோதே, பெண்களுக்கு எதிரான குற்றங்களை அதிலிருந்து விலக்கி வைத்தார்கள். இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அந்த விலக்கு இருக்கிறது. ஆனால் முன்வாசலை அடைத்த வீட்டுக்குக் கொல்லைப்புறம் திறந்தே கிடக்கிறது. அமெரிக்காவில் இப்படிப் பேரம் பேசுகிறவன் பெரும்பாலும் நீதிபதி முன்னால் 'நான் குற்றவாளி' என்றாவது சொல்லியாக வேண்டும். நம் ஊர்ப் பேரத்தில் குற்றமே நடக்கவில்லை என்றாகிவிடுகிறது. அவன் விடுதலையாகிறான். அவள் பிறழ் சாட்சி ஆகிறாள். பொய் சொன்னவள் என்ற பட்டமும் அவளுக்கே.

இதைக் கட்டப்பஞ்சாயத்து மட்டும்தான் செய்கிறது என்று நினைக்க வேண்டாம். கடலூர் மகளிர் நீதிமன்றத்தில் 7 ஆண்டு தண்டனை பெற்ற ஒருவரின் மேல்முறையீட்டில், 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி.தேவதாஸ் வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பினார். பேசுவதற்கு வசதியாகக் குற்றவாளிக்கு ஜாமீனும் கொடுத்தார். பாதிக்கப்பட்டவர் சம்பவத்தின்போது சிறுமி. அவனோடு உட்கார்ந்து பேச முடியாது என்று அந்தப் பெண் வெளிப்படையாகவே மறுத்தார். ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேச வழக்கொன்றில், வல்லுறவு வழக்கில் சமரசத்துக்கு எந்தச் சூழ்நிலையிலும் இடமில்லை என்றது உச்ச நீதிமன்றம். அதன் பிறகே சென்னை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் பெண்ணின் உடலைக் கோயிலோடு ஒப்பிட்டது. கோயிலுக்குள் யாரையெல்லாம் விட்டார்கள், யாரை விடவில்லை என்று நமக்குத் தெரியும். எங்களுக்கு வேண்டியது உரிமை, புனிதம் அல்ல.

சரி, சமரசம் என்றால் என்ன? சமமான இருவர் பேசி முடிப்பது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே அந்தச் சமம் எங்கே இருக்கிறது? அப்பா வேலை பார்ப்பது அவர்கள் நிலத்தில். கடன் வாங்கியது அவர்களிடம். பஞ்சாயத்தில் நாற்காலியில் உட்காருவதும் அவர்களே. அங்கே பெண் வீட்டார் 'ஒத்துக்கொண்டார்கள்' என்றால், வேறு வழி இல்லாமல் போனது என்று பொருள். ராஜஸ்தானில் பட்டியல் சாதி மாணவியிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாக ஆசிரியர் மீது போடப்பட்ட போக்சோ வழக்கை, குடும்பத்தோடு சமரசமாகிவிட்டது என்று சொல்லி 2022இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, வழக்கை மீண்டும் நடத்தச் சொன்னது. அதற்கும் ஊர்க்காரர் ஒருவர் தில்லி வரை போக வேண்டியிருந்தது.

தண்டனைக் குறைப்பு தீர்ப்பில் மட்டும் வருவதில்லை, தாமதமாகவும் வரும். வாச்சாத்தியில் 1992 ஜூனில் 18 பழங்குடிப் பெண்கள் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார்கள். தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011இல் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தோரு ஆண்டு அவர்களில் பலர் வெளியில் இருந்தார்கள். இதைவிடப் பெரிய சலுகை எது?

முற்போக்குத் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: "சிறைதான் தீர்வா? நீங்களும் தூக்குக் கேட்கும் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டீர்களா?" நான் தூக்கும் கேட்கவில்லை, என்கவுன்டரும் கேட்கவில்லை. அந்தத் துப்பாக்கி யாரை நோக்கி நீளும் என்பது எங்களுக்குப் பாடம். இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மகள் காதலித்த தலித் பையனைச் சிறையில் தள்ள போக்சோவைப் பயன்படுத்தும் சாதிவெறிப் பெற்றோர்கள் இருக்கிறார்கள். பதின்வயதினரின் காதலைத் தண்டிப்பது அந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே 2021இல் சொல்லியிருக்கிறது. இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றே: அந்தப் பெண் சொல்வதைக் கேளுங்கள். காதல் வழக்கில் அவள் வாயை அடைப்பதும் சாதி, வல்லுறவு வழக்கில் அவளுக்காகப் பேசி முடிப்பதும் சாதி.

செய்ய வேண்டியது சட்டத்திலேயே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு, ஜாமீன் முதல் தண்டனை வரை ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் விதிகளில் அரசு நிவாரணத்துக்கும் வழி உண்டு. ஆனால் அது கட்டம் கட்டமாக வருவதற்குள் தரகன் ரொக்கத்தோடு வாசலில் நிற்கிறான். அரசுப் பணம் அவனுக்கு முன்னால் வந்து சேரட்டும். சாட்சிக்குப் பாதுகாப்பு கிடைக்கட்டும். மாத்திச் சொன்னவளை விசாரிப்பதற்கு முன், மாற்றச் சொன்னவன் யார் என்று நீதிமன்றம் விசாரிக்கட்டும்.

செங்கல்பட்டில் இறங்கும்போது அந்த இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். அவர்கள் எதையும் ரகசியமாகப் பேசவில்லை. ஊரே கேட்கும்படிதான் பேசினார்கள். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். இதை எழுதுவது அதனால்தான்.