ரண சிகிச்சையும் இளமைப் பயிற்சியும்

2022ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தமிழ்நாட்டில் ஒருங்கே திறக்கப்பெற்ற 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திருப்பூர்க் கல்லூரியும் ஒன்று. பனியன் தொழிலால் வாழும் அந்நகரில் கையே முதற்பொருள். கட்டிங் மேஜையிலோ ஓவர்லாக் பொறியிலோ விரலொன்று பழுதுறின் ஒரு குடும்பத்தின் பிழைப்பே பழுதுறும். ஆதலின், அங்குப் பயிலும் மாணாக்கருட் சிலரேனும் ரண சிகிச்சையில் நாட்டங் கொள்ளல் வேண்டுமென விழைதல் இயல்பே. அந்நாட்டம் எவ்வாறு பிறக்கும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முன்னாளில் முதலாண்டு மாணாக்கர் உடற்கூற்று அறையும் நூலுமன்றி நோயாளியை அதிகம் அறியார். 2019ஆம் ஆண்டிற் புகுத்தப்பெற்ற பாடத்திட்டமோ முதலாண்டிலேயே நோயாளிகளைக் காணுதற்கு வழி செய்துள்ளது. இது போற்றத்தக்கது. ஆயினும், கண்ட அளவிலேயே விருப்பம் உண்டாகிவிடும் என்று கருதுதல் பொருந்தாது. காட்சி ஈர்ப்பதுமுண்டு, விரட்டுவதுமுண்டு.

இதற்கு டாக்டர் பால் பிராண்டு அவர்களின் வாழ்வே சான்று. அவர் நம் கொல்லிமலையில் வாழ்ந்த ஆங்கிலச் சமயத்தொண்டருக்கு 1914ஆம் ஆண்டிற் பிறந்தவர். தந்தையார் மலைவாழ் மக்களின் புண்களைக் கழுவிக் கட்டுவதைச் சிறுவயதிற் கண்டார். குருதியும் சீழும் அவருக்கு அருவருப்பையே தந்தன. மருத்துவம் வேண்டா என்று துணிந்து, இங்கிலாந்திற் கட்டடத் தொழில் பயின்றார். பின்னர்த் தொண்டுக்கெனச் சிறிது மருத்துவம் கற்கப் புகுந்தபொழுது, இறக்குந் தறுவாயிலிருந்த இளம்பெண்ணொருத்தி பிறர் குருதி ஏற்றப்பெற்றுப் பிழைத்தெழக் கண்டார். அன்றே அவர் உள்ளம் மாறிற்று. 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர், தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் சிகிச்சையிற் பெரும்புகழ் எய்தினார்.

முதற்காட்சியிற் குருதி நோயின் அடையாளமாய் நின்றது. பிற்காட்சியில் அதுவே உயிர்காக்கும் கருவியாயிற்று. ஆகவே, பயன் விளங்கக் காட்டுதலே வேண்டுவது.

இம்முறை திருப்பூருக்குப் புதிதன்று. பனியன் கம்பெனியிற் புதிதாய்ப் புகுவோர் முதலில் டெய்லரின் அருகே கைமடியாய் நின்று, துணியெடுத்துக் கொடுத்து, அவர் கைப்போக்கைக் கண்டு பழகியே பின்பு பவர் டேபிளில் அமர்வர். மருத்துவ மாணாக்கரோ அறுவைக்கூடத்திற் பலர் முதுகுக்குப் பின் நின்று, ஒன்றுங் காணாது, கால்கடுப்போடு திரும்புதல் உண்டு. இதனாற் பிறப்பது சலிப்பேயன்றி நாட்டமன்று.

மாணாக்கர் ஒவ்வொருவருக்கும் ஒரு நோயாளியைக் காட்டுக. சிகிச்சைக்கு முன் அவரோடு உரையாடவும், கூடத்தில் உடனிருக்கவும், கட்டவிழ்க்கும் நாளில் அவர் விரல் அசைவதைக் காணவும் செய்க. முடிச்சும் தையலும் முதலாண்டிலேயே மாதிரிப் பொருள்களிற் பழக்குக. இதற்கெல்லாம் ஆசிரியர்க்கு ஓய்வேது எனிற், பெரும்பொழுது வேண்டுவதில்லை; நோயாளியருகே கால்மணி நேரம் நின்று விளக்குதலே பெரும்பயன் தரும்.

இன்னொன்றும் கூறல் வேண்டும். "பெண்களுக்கு இத்துறை ஆகாது" என ஆசிரியர் ஒருவர் விளையாட்டாய்க் கூறும் சொல், நூறு நற்காட்சிகளின் பயனையும் அழித்துவிடும். பெண்டிர் பல்லாயிரவர் பொறிமுன் அமர்ந்து உழைக்கும் நகரில் அச்சொல் நாணத்தக்கது. மாணாக்கரின் விருப்பம் அவர்தம் இயல்பு என்று வாளாவிருத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. அதனை வளர்ப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் அவர் கையில் உள்ளன.